சந்தூர் மாங்கன்றுப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் பண்ணை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

ஆடி மழைக்கு முன்பே கன்று தேடுபவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். நாமும் கூகுள் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவோம். இந்த முறை கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சென்ற பருவத்தில் எனக்கு விளம்பரம் செய்து கொடுத்தவர் ‘மாங்கன்று’ என்ற ஒரே சொல்லைப் போட்டு, அதையொட்டிய எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வரட்டும் என்று விட்டுவிட்டார். பணம் கரைந்தது, கன்று கேட்டு யாரும் அழைக்கவில்லை. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் விளம்பரம் போனது என்று கூகுள் காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்தபோது வயிறு எரிந்தது. மாம்பழ விலை தேடியவர், ஊறுகாய்ப் பக்குவம் தேடியவர், மாட்டுக்கன்று வாங்க நினைத்தவர் எல்லாரும் தட்டிய தட்டுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்! ‘ஊறுகாய்’, ‘மாடு’ போன்றவற்றைத் தேடினால் என் விளம்பரம் வராதபடி அவற்றை அன்றே விலக்குச் சொற்களாகச் சேர்த்தேன்.

ஆனால் அந்த அறிக்கையும் முழுமையானது அல்ல. போதிய எண்ணிக்கையில் மக்கள் தேடாத சொற்களை 2020 செப்டம்பர் முதல் கூகுள் அதில் காட்டுவதில்லை. தேடியவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்கிறார்கள், அது நியாயம்தான். தெரியும் சொற்களுக்கான செலவைக் கூட்டி, மொத்தச் செலவிலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பது எந்தச் சொல்லுக்குப் போனது என்றே தெரியாத பணம். ‘இமாம்பசந்த் ஒட்டுக்கன்று’ என்று தேடுபவர்கள் கொஞ்சம் பேர்தான். வாங்கப்போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய சொற்கள்தான் மறைந்துபோகின்றன.

இணையதளம் வைத்திருப்பவர்கள் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற கருவியைப் பாருங்கள். விளம்பரம் இல்லாமல் வந்தவர்கள் தேடிய சொற்கள் 16 மாதங்கள் வரை அதில் இலவசமாகக் கிடைக்கும். அங்கும் அரிய தேடல்கள் மறைக்கப்படும் என்றாலும், கிடைப்பது கொஞ்சமல்ல.

அதைவிட நான் நம்புவது நம் தொலைபேசியை. நாம் ‘பெங்களூரா’ என்கிற ரகத்தை ஒருவர் ‘கிளிமூக்கு’ என்று கேட்கிறார். இன்னொருவர் ‘தோத்தாபுரி’ என்கிறார். கன்னடக்காரர் ‘கிணிமூதி’ என்கிறார். வாயில் வருவதைத்தானே அவர்கள் தேடும்போதும் எழுதுவார்கள்? தொலைபேசி அருகில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்பவரின் பெயரோ எண்ணோ வேண்டாம். அவர் சொன்ன சொல்லை மட்டும் அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள்.

ஆனி முடிவதற்குள் அந்த நோட்டுகளோடு ஒருநாள் கூடுவோம். என் விலக்குச் சொற்களின் பட்டியலை நான் கொண்டுவருகிறேன். ஒருவர் காசு கொடுத்துக் கற்றதற்கு மற்றவரும் காசு கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒரு பண்ணைக்காரன்