தோட்ட ரயிலுக்குச் சாரல் தாங்கும் நிலையங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில் பாதை அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தண்டவாளம், வளைவு, மின்னிணைப்பு ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்கு வேறுபாடு இல்லை. பாதையோரக் கட்டடங்களைப் ப்ளைவுட்டில் செய்து இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்தால் போதும் என்ற பகுதி மட்டும் செங்கோட்டை, தென்காசி, ஆரியங்காவு வட்டாரத்துக்குச் சிறிதும் பொருந்தாது என்பதால் இதை எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுக் கணவாயில் தாழ்ந்து வழிவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசன் மாதங்களில் இங்கே மழை மேலிருந்து விழுவதைவிடக் காற்றோடு பக்கவாட்டில் வருவதே அதிகம். அந்தச் சாரல் ஓய்ந்து சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பிறகு கோடை வெயில். ப்ளைவுட்டின் வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சி உப்பும், அந்த உப்பலில் வார்னிஷ் விரியும், விரிசல் வழியாக மேலும் நீர் இறங்கிப் பலகையின் அடுக்குகள் பிரியும். எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் அட்டையும் அந்த அளவுக்குக்கூடத் தாங்காதவை.

இந்த வட்டாரத்துக்கு ஏற்றது, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் பயன்படும் பிவிசி ஃபோம் போர்டு. சுவருக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனம் போதும். வெட்டுக்கத்தியால் வெட்டலாம், மேற்பரப்பு மென்மையாக இருப்பதால், மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவை அழுத்தி இழுத்தாலே கருங்கல் வரிசையும் செங்கல் வரிசையும் பதிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டால், மிஞ்சிய துண்டுகள் மலிவாகவே கிடைக்கக்கூடும். குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பிவிசி சொல்வென்ட் பசை இரு துண்டுகளின் பரப்பையும் கரைத்து ஒன்றாக்குவதால் மூட்டு பிரியாது. சாதாரண வெள்ளைப் பசை மழையில் இளகும். துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் பசை வெயிலில் நெகிழும். நொடியில் ஒட்டும் பசை நாளடைவில் நொறுங்கும்.

ஃபோம் போர்டுக்கும் எதிரி உண்டு, அது வெப்பம். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது இளகி வளையத் தொடங்கும். கரும்பழுப்போ அடர்சாம்பலோ பூசிய கூரை சித்திரை வெயிலில் அந்த நிலையை எட்டக்கூடியது. ஆகவே கூரைக்கு வெளிர் நிறமே நல்லது. கருமை வேண்டுவோர் அலுமினியத் தகட்டை நாடலாம். விரிவடைதலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 80 சென்டிமீட்டர் நீளமுள்ள சுவர், 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஆகவே அடித்தளத்தோடு நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டாமல், ஒரு முனையைத் திருகி, மறு முனையின் துளையைச் சற்று நீளமாக விட வேண்டும். சன்னலுக்கு அக்ரிலிக் தகடு பொருத்தலாம்; அது வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. அதைச் சிலிக்கானால் ஒட்டினால் நீரும் புகாது, அசைவுக்கும் இடமிருக்கும். காடி வாசனை வீசும் மலிவான சிலிக்கான், அருகிலுள்ள மின்கம்பியையும் உலோகத்தையும் அரிக்கும் என்பதால் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளையாக இருக்கட்டும்.

இத்தனை செய்த பிறகும் தண்ணீர் உள்ளே வரும். கட்டுரையாளர் எல்லா இடுக்குகளையும் அடைத்து நீர்புகாப் பெட்டியாக்கச் சொல்கிறார். நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். அடைத்த பெட்டிக்குள் பகலில் சூடாகும் காற்றிலுள்ள ஈரம் இரவில் சன்னலின் உட்புறத்தில் துளிர்த்துப் பாசி பிடிக்கும், விளக்கின் இணைப்புகள் பச்சை பூக்கும். அடிப்பகுதியைத் திறந்து விட வேண்டும். சுவரைக் கடப்பைக் கல் துண்டின்மேல் சிறிய கால்களில் நிறுத்த வேண்டும். இறவாரத்தின் அடியில் காற்றுத் துளைகள் வேண்டும். கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிறு ஜல்லி பரப்பினால், மழைத்துளி செம்மண்ணைத் தெறித்துச் சுவரைக் கறையாக்காது. கூரையைக் கழற்றி எடுக்கும்படி அமைப்பது அவசியம். உள்ளே எறும்பும் குளவியும் குடியேறுவது உறுதி.

கூரையின் ஓடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முழு அளவு மங்களூர் ஓடு ஏறத்தாழ 41 சென்டிமீட்டர் நீளமும் 24 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. 1:22.5 அளவில், அதாவது அசலை இருபத்திரண்டரை மடங்கு சிறிதாக்கினால், அது 18 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர் அளவிலான சிறு வில்லையாகும். ஒரு மில்லிமீட்டர் பிவிசி தகட்டைப் பட்டைகளாக வெட்டி, ஓட்டு வரிகளைக் கீறி, உண்மைக் கூரையைப் போலவே இறவாரத்திலிருந்து முகடு நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்ட வேண்டும். காற்று நீரை ஓட்டின் இடுக்கில் மேல்நோக்கியும் தள்ளும் என்பதால், பட்டைகளுக்கு அடியில் ஒட்டுப்போடாத ஒரே தகடு இருந்தாக வேண்டும். மழையைத் தடுப்பது அந்தத் தகடுதான். ஓடுகள் கண்ணுக்கு மட்டுமே.

மேற்சொன்ன அளவுக்கு ஒரு காரணம் உண்டு. 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்ட ரயிலை வெளியிட்டபோது, 45 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் அந்நாட்டு மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) வண்டிகளைக் காட்டுவதற்காகவே 1:22.5 என்ற அளவைக் கொண்டது. 1904 முதல் 2010 வரை செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே ஓடியதும் அதே மீட்டர் கேஜ்தான். 2018-இல் அந்த வழி அகலப்பாதையாக முழுமையாகத் திறக்கப்பட்டது. அப்படியிருக்க, இறக்குமதிப் பெட்டியில் வரும் ஆல்ப்ஸ் மலை வீடுகளைக் கொய்யா மரத்தடியில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை ஆகிய நிலையங்களையும், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தையும் நம் தோட்டத்தில் நிறுத்த அந்த அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. 18 மீட்டர் நீளமுள்ள நிலையக் கட்டடம் 80 சென்டிமீட்டராகச் சுருங்கும். இடம் போதாதவர்கள் உயரத்தைக் குறைக்காமல் நீளத்தை மட்டும் பாதியாக்கலாம், கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. பாலத்தை மட்டும் ஃபோம் போர்டில் செய்யாமல், கம்பிவலை வைத்துச் சிமெண்ட் சாந்தில் வார்ப்பதே தகும்.

ஃபோம் போர்டுக் கட்டடம் எடை குறைந்தது. இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதிலிருந்தே காற்றின் வேகத்தை ஊகிக்கலாம். கல்லில் துளையிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டால் பிணைக்காத நிலையம், ஆடிக் காற்றில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். குற்றாலத்திலிருந்து இறங்கி வரும் குரங்குகளுக்கு மட்டும் எந்தப் பசையும் எந்தத் திருகும் பதிலாகாது. அவை வரும் நாள்களில் கூரையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவதே வழி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய மீட்டர் கேஜ் நிலையங்களின் முகப்பு, பக்கத் தோற்றம், தாழ்ந்த நடைமேடை, சிக்னல் கம்பம் ஆகியவற்றின் அளவுகளோ புகைப்படங்களோ வாசகர்களிடமும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களிடமும் இருக்கக்கூடும். அவற்றை அனுப்புமாறு ஞாயிறு இணைப்பில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, கிடைப்பவற்றை அளவுக் குறிப்புகளோடு வரைபடமாக அச்சிட்டால், கட்டத் தயாராக இருப்பவர்களுக்கு அது உடனே பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை.