கிழக்குப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விரிவுரையாளர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வெயில் ஏறினால் மட்டக்களப்பில் வத்தகப்பழ ஜூஸ் குடிக்காத ஆள் குறைவு. பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வாங்கிக் கொடுக்கிறோம். கடை சுத்தமா என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்க்கலாம். பழத்தோடு வந்த பூச்சிநாசினி அவர் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடும் வேலையை உங்கள் வந்தாறுமூலை வளாகத்தில் நீங்கள் தொடங்க வேண்டும்.

ஜூஸில் சீனியும் நாரும் நிறமும் நிறைய. நஞ்சு இருந்தாலும் லீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். முதலில் அதைப் பிரித்துச் செறிவாக்க வேண்டும். காந்தத்தால் இழுக்கக்கூடிய நுண்ணிய துணிக்கைகள் உதவுவது இங்கேதான்: நஞ்சு அவற்றில் ஒட்டும், காந்தத்தால் அவற்றைத் திரட்டலாம். 1999இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் நீரிலிருந்த சாயங்களை இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். பெரிக், பெரஸ் எனும் இரு வகை இரும்பு உப்புகளை 2:1 மூல் விகிதத்தில் கரைத்து அமோனியா விட்டால் மக்னடைட் என்ற காந்த இரும்பு ஒக்சைட்டு கறுப்பாக வீழ்படிவாகும். அதன்மேல் சிலிக்காப் பூச்சு, அதற்கும் மேல் நீரில் ஒட்டாத, எண்ணெய்த் தன்மையான பதினெட்டுக் காபன் சங்கிலி. நீர் கலந்த ஜூஸில் இதைப் போட்டுக் குலுக்கினால் குளோர்பைரிபொஸ், டயசினோன் போன்ற, நீரில் அதிகம் கரையாத பூச்சிநாசினிகள் சங்கிலியில் ஒட்டும். போத்தலுக்கு வெளியே காந்தத்தைப் பிடித்தால் துணிக்கைகள் ஒரு பக்கம் சேரும், ஜூஸை வடித்துவிடலாம். அப்புறம் கொஞ்சம் அசற்றோநைத்திரைல் என்ற கரைப்பான் விட்டுக் கழுவினால் நஞ்சு அதில் இறங்கிவிடும்.

அளப்பதற்கு, சேர்வைகளைப் பிரித்து இனங்காணும் ஜீ.சி.எம்.எஸ். போன்ற கருவி வேண்டும், சரி. ஆனால் அது பக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை. கழுவியெடுத்த சிறு குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். லீட்டர் கணக்கில் ஜூஸைச் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை. என்னைக் கேட்டால், நமது மாவட்டத்துக்கு இந்த முறையின் பெரிய பயன் அதுதான்.

மருந்தடிக்காத பழத்தின் சாற்றில் தெரிந்த அளவு நஞ்சைக் கலந்து, கலந்ததில் 70 முதல் 120 சதவீதம் அளவீட்டில் திரும்பக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். களைநாசினியான கிளைபோசேற்று நீரில் நன்றாகக் கரைவது, இந்தச் சங்கிலியில் ஒட்டாது. ஆகவே எந்தெந்த நஞ்சைத் தேடினீர்கள் என்று எழுதாமல் ‘நஞ்சு இல்லை’ என்று வெளியிட்டுவிடாதீர்கள்.

முடிவு எதுவானாலும் முகநூலுக்கு முன் தோட்டக்காரரிடம் போகட்டும். மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பதை அவர்களுக்குத் தமிழில், தெளிவாகச் சொல்ல ஆள் வேண்டும். அவர்களைக் குற்றவாளிகளாக்கினால் அடுத்த முறை மாதிரிக்கு ஒரு பழம்கூடத் தரமாட்டார்கள்.

இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வாக இதைத் தொடங்கலாம். காந்தம், போத்தல், குளிர்ப்பெட்டிச் செலவை எங்களைப் போன்ற பெற்றோரிடம் கேளுங்கள், தருகிறோம்.

அன்புடன்,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு