டிரைவர் கம்பெனி ஆள், கண்டக்டர் கழகத்து ஆள். மெக்கானிக்?

மாநகர் போக்குவரத்துக் கழக மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கமும் சேர்ந்துகொண்டது. சித்திரை வெயிலில் எஞ்சின் பானட்டை ஒட்டி உட்கார்ந்து டியூட்டி பார்த்த டிரைவர்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். வண்டி நல்ல வண்டிதான். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அது கழகத்தின் வண்டி இல்லை. ஒப்பந்தம் எடுத்த தனியார் கம்பெனி வண்டியைக் கொண்டுவருகிறது, டிரைவரைப் போடுகிறது, பழுது பார்க்கிறது. நீங்கள் கண்டக்டரை அனுப்பி, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். இந்த வண்டிகளை மொத்தமாக வாங்கக் கையில் காசு ஏது என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

என் கவலை மெக்கானிக்குகளைப் பற்றியது. குரோம்பேட்டையில் சொந்தமாக பஸ் பாடி கட்டிய கழகம் இது. கிளட்சும் கியர்பாக்ஸும் பம்பும் அத்துப்படியான ஆட்கள் இன்றும் ஒவ்வொரு டிப்போவிலும் இருக்கிறார்கள். மின்சார வண்டியில் அவை பெரும்பாலும் இல்லை. பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார், இவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயர். பயிற்சி இல்லாதவர் அதில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு முழுவதும் இப்போது கம்பெனி ஆட்களுக்கே கிடைக்கிறது.

ஒப்பந்தம் முடியும்போது என்ன ஆகும்? பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று அளந்து சொல்லக்கூட உங்களிடம் ஆள் இருக்க மாட்டார். அடுத்த டெண்டரில் கம்பெனி சொன்னதுதான் விலை. பேரம் பேசுகிறவருக்குச் சரக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு மின்சாரப் பணிமனையிலும் கழகத்தின் மெக்கானிக்குகள் சிலரைக் கம்பெனி ஆட்களோடு ஷிப்டில் போடுங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, ஸ்பானர் பிடிக்க. ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸாக வரும் பிள்ளைகளையும் அங்கேயே அனுப்புங்கள். இதற்கு இப்போதைய ஒப்பந்தத்தில் இடமில்லை என்றால், இனி போடப்போகும் ஒப்பந்தங்களில் ஒரு விதியாகவே எழுதிவிடுங்கள். அப்புறம், கொஞ்சம் வண்டிகளையாவது, ஐம்பதானாலும் போதும், சொந்தமாக வாங்கி நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பது உங்கள் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வடசென்னைப் பயணி ஒருவர்