‘சிறு காயம்’ என்று எழுதாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மூன்று கிழமை லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். காலையில் உங்கள் பத்திரிகையை விரித்தால் விபத்துச் செய்திகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘தலையில் சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்.’ அந்தச் ‘சிறு’வைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் என் சின்ன மாமாவைப் பற்றியும் ஒரு பத்திரிகையில் இப்படித்தான் வந்தது. இரவில் கிரானில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், சித்தாண்டிக்குக் கிட்ட றோட்டின் நடுவில் படுத்திருந்த கட்டாக்காலி மாட்டில் மோதி விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், பட்டி பூட்டவில்லை. ஆள் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். (பூட்டாத ஹெல்மெட் பொலிசுக்குக் காட்டத்தான் உதவும்.) ஆஸ்பத்திரியில் சி.ரி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமி அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

மாமா நெல் ஆலையில் கணக்குப் பார்ப்பவர். லொறியில் எத்தனை மூடை ஏறியது, எவருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கொப்பியைப் பார்க்காமலே சொல்லுவார். விழுந்து ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனவருக்கு நாற்பது மூடைக்கு மேல் எண்ணினால் தவறிவிடுகிறது. குக்கர் விசிலடித்தால் எரிந்து விழுகிறார். கோயில் ஒலிபெருக்கி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்துவிடுகிறார். ‘ஸ்கேனில் ஒன்றுமில்லையே, பிறகு என்ன நடிப்பு?’ என்று ஒரு பக்கம். பார்வை பார்த்து நூல் கட்டியது இன்னொரு பக்கம். ‘குடிக்கத் தொடங்கிட்டாரோ’ என்று என்னையே ஒருவர் போனில் கேட்டார். மாமா வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நான் வெளிநாட்டில் மூளைக்காயம் பற்றிய ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கலாநிதிப் பட்டம் முடித்தவர்கள் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தில் செய்யும் ஆய்வு வேலை. ‘இன்னும் படிச்சு முடியல்லயா?’ என்று கேட்பவர்களிடம் அம்மா, ‘மகன் எலிக்கு வைத்தியம் பார்க்கிறான்’ என்று சொல்லிவிடுவார். பிழையில்லை. ஆனால் அந்த எலியைக் காயப்படுத்துவதும் நான்தான்.

சுண்டெலிக்கு மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் சிறு வட்டம் திறந்து, ஓர் உலோக முனையால் மூளையை ஒரு தடவை அழுத்துவோம். எவ்வளவு வேகம், எத்தனை மில்லிமீற்றர் ஆழம் என்பதெல்லாம் கருவியிலேயே வைத்துவிடலாம். அடுத்த நாள் கூட்டைத் திறந்தால் எலி தின்னும், ஏறும், மயிரை நக்கித் துப்புரவாக்கும். தலையில் தையல் மட்டும் இல்லாவிட்டால் எது அடிபட்டது என்று எனக்கே தெரியாது. பிறகு வெள்ளை கலந்த தண்ணீர்த் தொட்டியில் விடுவோம். தண்ணீருக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை இருக்கும். அடிபடாத எலி நாலைந்து நாளில் அது எங்கே என்று பழகிவிடும். அடிபட்டது நன்றாகத்தான் நீந்தும், ஆனால் நேற்று ஏறிய மேடையை இன்றைக்கும் சுற்றிச் சுற்றித் தேடும். நூற்றுக்கணக்கான தடவை நின்று நேரம் குறித்திருக்கிறேன். மாமாவின் மூடைக் கணக்கைக் கேட்டபோது மட்டும் உடனே பொறி தட்டவில்லை.

சி.ரி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். குலுங்கியதில் இழுபட்ட நுண்ணிய நரம்பிழைகளைக் காட்டாது. மாமாவின் துண்டில் 14/15 என்று இருந்தது. 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் வகுத்த அளவு அது: கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை புள்ளி. 13 முதல் 15 வரை என்றால் ‘இலேசான’ காயம். அந்த நேரத்தில் எவ்வளவு நினைவோடு இருந்தார் என்பதைத்தான் அது சொல்லும், ஆறு மாதம் கழித்து எண்ணிக்கை வருமா என்பதைச் சொல்லாது. மருத்துவ உலகமே இப்போது அந்தச் சொல்லைக் கைவிடப் பார்க்கிறது. 2025இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, இந்தப் புள்ளியோடு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆளின் பின்னணி எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் புதிய முறையை முன்வைத்தார்கள்.

மருந்து இருக்கிறதா என்று மாமி கேட்டார். எலியில் நல்ல பலன் காட்டிய புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனை 2,000க்கு மேற்பட்ட நோயாளிகளில் இரண்டு பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: பயனில்லை. எங்கள் துறையில் அந்த வருடத்தை யாரும் விரும்பிப் பேசுவதில்லை. ஆக, அமைதி, நித்திரை, மெதுமெதுவாக வேலைக்குத் திரும்புவது, வீட்டார் புரிந்துகொள்வது. மாமிக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். தலையில் அடிபட்டவரைப் பற்றி எழுதும்போது ‘தலையில் காயம்’ என்று மட்டும் எழுதுங்கள். இடம் இருந்தால் கீழே ஒரு வரி: தலையிடி கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதானால், வலிப்பு வந்தால் விடியும்வரை பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும். வயதானவர்களுக்குக் கசிவு மெல்ல மெல்லச் சேர்ந்து சில கிழமைக்குப் பிறகும் தெரியலாம் என்பதையும் சேர்த்தால் நல்லது.

மாமா இப்போது ஆலையில் அரைநாள் வேலை செய்கிறார். பத்துப் பத்து மூடையாக எண்ணிச் சுவரில் கரியால் கோடு போடுகிறார். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். பத்திரிகையில் இன்னொரு தடவை தன்னை அடையாளம் காட்ட வேண்டாம் என்றார். அதனால் என் பெயரையும் தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
செங்கலடி.