ஞாயிறு ஆட்டம்: அளப்பதும் குறி வைப்பதும்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு காலை 10 மணிக்கு மினியேச்சர் ஆட்டம் (மேசை மேல் சிறு வீரர் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு). எல்லா மேசைக்கும் இந்த விதிகள்தான், படித்துவிட்டு வாருங்கள்.

1. தூரம்: பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) விளிம்பிலிருந்து பேஸ் விளிம்புக்கு, மிக அருகில் உள்ள இடத்தில். நீட்டிய வாள், துப்பாக்கி கணக்கில் வராது. பேஸ் இல்லாத வண்டிக்கு அதன் உடற்பகுதியிலிருந்து.

2. நகர்வு: பேஸின் முன்விளிம்பில் அளக்கத் தொடங்கினால் முன்விளிம்பிலேயே முடிக்கவும். டேப்பின் முடிவில் பின்விளிம்பை வைத்தால், 32 மி.மீ. பேஸுக்கு சுமார் 1¼ அங்குலம் கூடுதலாகக் கிடைத்துவிடும். 6 அங்குல நகர்வில் அது ஐந்தில் ஒரு பங்கு! பெரும்பாலும் தெரியாமல் நடப்பதுதான், ஆனாலும் ஆட்டத்தையே மாற்றிவிடும்.

3. முன்கூட்டியே அளந்து பார்க்கலாம், தடையில்லை.

4. பார்வை: சுடும் மினியேச்சரின் தலைமட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். உடலோ தலையோ தெரிந்தால் சுடலாம். கொடியோ ஆயுத நுனியோ மட்டும் தெரிந்தால் கூடாது. சந்தேகம் வந்தால் லேசர் கோடு வைத்துப் பார்ப்போம்.

5. ஓர் அணியின் எல்லாக் குறிகளையும் (யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதை) பகடை உருட்டும் முன்பே சொல்லிவிடவும். முதல் துப்பாக்கியின் முடிவைப் பார்த்து அடுத்த குறியை மாற்ற முடியாது.

அங்குல டேப் அவசியம். வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் ‘சரி’ என்று பதில் போடுங்கள். விதியில் கேள்வி இருந்தால் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.