கப்பல்ல கேபிள் இழுக்கிறவங்க ஒரு தடவை படிச்சிருங்க

வணக்கம், குரூப்ல நெறைய பேரு இப்ப ட்ரை டாக்ல (கப்பலைத் தண்ணிய விட்டு வெளிய எடுத்து ரிப்பேர் பண்ற இடம்) இருக்கீங்க, அதான் இதைப் போடுறேன்.

போன கப்பல்ல என்ஜின் கன்ட்ரோல் ரூம் பின்னாடி ஒரு கேபிள் ட்ரான்சிட்டை (சுவர் வழியா கேபிள் போற, தீ தாண்டாம அடைச்சு வைக்கிற ஓட்டை) திறந்து பார்த்தேன், யாரோ சிசிடிவிக்கு ரெண்டு கேபிள் விட்டுட்டு மீதி ஓட்டையில வேஸ்ட் துணியைத் திணிச்சு மேல பெயின்ட் அடிச்சிருந்தாங்க, வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அது ஏ-60 பல்க்ஹெட், அதாவது தீயைத் தடுக்கிற கப்பல் சுவர், 60 நிமிஷம் தீயைத் தாங்கணும். துணி எவ்ளோ நேரம் தாங்கும்? ஓட்டையை அடைக்கிற பிளாக்கும் சீலன்ட்டும் கையில இல்லாம ட்ரான்சிட்டைத் தொடவே தொடாதீங்க.

அப்புறம் கடையில "ஃபயர் ரிடார்டன்ட்" (தீ பரவாத கேபிள்)னு சொன்னா உடனே வாங்கிடாதீங்க, ஐஇசி (சர்வதேச மின் தரம்) 60332-1 ஒத்தக் கேபிளை மட்டும் எரிச்சுப் பார்க்கிற டெஸ்ட், கேபிள் அடுக்குற ட்ரேல கட்டுக்கட்டா போறப்ப அதே கேபிள் தீயை மேல மேல ஏத்திட்டே போகும், அதுக்கு 60332-3 பாஸ் ஆகியிருக்கணும். ஃபயர் பம்ப், எமர்ஜென்சி லைட்டுக்கெல்லாம் தீக்குள்ள போற இடத்துல 60331 கேபிள், அது எரியுறப்பவும் கரன்ட் கொண்டு போகும், ரெண்டும் ஒண்ணு கிடையாது.

பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரம் பட்டா அமிலம், கண்ணு தெறக்க முடியாது, அக்காமடேஷன்ல (ஆளுங்க தங்குற இடம்) ஹாலஜன் (குளோரின் மாதிரி) இல்லாத கேபிளே போடுங்க தம்பிங்களா.

மேல தொங்குற கேபிளுக்கு வெறும் பிளாஸ்டிக் டை வேண்டாம், சூட்டுல உருகி மொத்த கட்டும் ஆள் மேல விழும், நடுநடுவுல ஸ்டீல் டை கண்டிப்பா போடுங்க.

சந்தேகமா இருக்கிற ட்ரான்சிட் போட்டோவை இங்க அனுப்புங்க, எந்நேரமானாலும் பார்த்துச் சொல்றேன்.