அண்ணனுக்கு, அப்பாவின் தூண்டில் கோல் குறித்து

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் ஓராண்டு நினைவுப் பூசை வெள்ளிக்கிழமை முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதையெல்லாம் அத்தை உங்களிடம் சொல்லியிருப்பார். மறுநாள் காலையில், வாழை இலைகளைக்கூட இன்னும் அப்புறப்படுத்தாத நேரத்தில், அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியிலிருந்து நீங்கள் அனுப்பிய காணொளி வந்து சேர்ந்தது. அப்பாவின் தூண்டில் கோலை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களே, அதற்குக் குடும்பக் குழுவிலேயே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே எழுதினால் நாற்பது பேர் சமாதானம் பேச வந்துவிடுவார்கள். இங்கேயும் சிலர் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சில பெயர்களைச் சொல்லாமல் விடுகிறேன், உங்களுக்குப் புரியும்.

மிக அழகான மஸ்கி அது, உங்கள் ஏரியின் நீண்ட பெரிய வேட்டை மீன். படகுக்கு மிக அருகில் வாயை அகலத் திறந்து, செவுள்களை விரித்து, பாதி உடலோடு எழுந்து தலையை உதறியபோது எனக்கு மூச்சு நின்றது. நீங்கள் பதறாமல் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தீர்கள். மீன் மறுபடியும் உள்ளே போனது. பின்னாலிருந்த உங்கள் மகனிடம், "துள்ளும்போது தாழ்த்த வேண்டும்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே காணொளியை எட்டு முறை பார்த்தேன்.

பள்ளியில் நான்காம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவளால் இதைக் கணக்காகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மீட்டர் உயரம் எழ வேண்டுமானால், தண்ணீரை விட்டு நீங்கும் கணத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகம் வேண்டும். அந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. ஆனால் நீண்டு கனத்த உடலை அந்த வேகத்துக்குக் கொண்டுவரத் தண்ணீரில் இடம் வேண்டும், பலமும் மிச்சம் இருக்க வேண்டும். பெரிய மஸ்கியும் அதன் உறவு மீனான பைக்கும் பல வேளைகளில் பாதி உடலோடு நின்றுவிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலருகே ஒதுங்கியிருக்கும் அந்த உடல், மறைந்திருந்து அம்புபோல ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வுவதற்காக அமைந்தது. குளிர்ந்த ஆழத்தில் தூண்டிலில் மாட்டினால் பெரும்பாலும் கீழேயே நின்று தலையை ஆட்டும். ஆழமற்ற நீரில், கீழே போக வழியில்லாதபோது, மேலே வரும். பைக்கைவிட மஸ்கிதான் அதிகம் துள்ளும் என்று அங்குள்ள தூண்டில்காரர்கள் சொல்வதை உங்கள் மூலமாகத்தான் அறிந்தேன். மீன் திட்டமிட்டுத் துள்ளுவதாக நான் நம்பவில்லை. இழுப்பு மேலிருந்து வந்தால் தலை மேலே திரும்புகிறது. மற்றதை வால் பார்த்துக்கொள்கிறது.

காற்றில் நடப்பதுதான் கொடுமை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், உள்ளே இருக்கும்வரை ஒவ்வோர் உதறலையும் நீரே தடுக்கிறது. வெளியே வந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது. தலை ஒரு பக்கம் திரும்ப, கனத்த பொய்யிரை இன்னும் மறுபக்கமே போய்க்கொண்டிருக்க, முள் பதிந்த இடம் நெம்பப்படுகிறது. அந்த நேரத்தில் நூல் தளர்ந்தால் எல்லாம் முடிந்தது.

1994இல் இதெல்லாம் எனக்குத் தெரியாது. தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். (மலேசியாவில் நம் ஊரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் உறையில் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறீர்கள். அஞ்சல்காரர் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்.) வெள்ளீயம் தோண்டிய கப்பல் விட்டுச்சென்ற அந்தக் குட்டையின் வெள்ளை மணல் கரையில், கோலை என் கையில் திணித்துவிட்டு, மீனைத் தூக்க வலையோடு நீங்கள் சரிவில் இறங்கினீர்கள். தோமான், விரால் இனத்தைச் சேர்ந்த பெரிய மீன், காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும். நீரின் மேற்பரப்பு அதற்கு வீட்டு வாசல் மாதிரி. உங்கள் மஸ்கியைப் போல அது பாதியில் நிற்கவில்லை. கருநீல முதுகும் வெளிறிய வயிறும் தெரிய முழுதாக எழுந்தது. அதன் வாயில் தொங்கிய தகட்டு இரை ஒரு முறை மின்னியது. "தூக்கு, தூக்கு" என்று கத்தினீர்கள். தூக்கினேன். மீன் விழுந்த சத்தத்துக்கு முன்பே தகடு திரும்பிப் பறந்துவந்து என் காலருகே மணலில் குத்தி நின்றது.

அதன்பிறகு எத்தனை கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டீர்கள்! "பெண்பிள்ளை கையில் கொடுத்தது என் தப்பு" என்று முடிப்பீர்கள்; எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நீங்கள்தான் எனக்கு முள் கட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். உங்கள் முதல் சம்பளத்தில் எனக்கு மழைக்கோட்டு வாங்கித் தந்தீர்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனாலும் "தூக்கு" என்றவர் நீங்கள். முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அதை நீங்கள் சொன்னதில்லை.

நான் சொல்லாமல் வைத்திருந்ததும் ஒன்று உண்டு. செம்பனை மட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த அப்பா, அதே நேரத்தில், "தாழ்த்தும்மா" என்றார். இரண்டு குரலும் எனக்குக் கேட்டன. உங்கள் குரலைத்தான் கேட்டு நடந்தேன், ஏனென்றால் அந்த வயதில் எனக்கு நீங்கள்தான் எல்லாம். அதற்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவரும் அந்தக் கல்யாண வீடுகளில் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே தவிர, எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மூத்த மகனைச் சபையில் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். இறந்தவரைப் பற்றி இதற்குமேல் எழுதினால் அத்தை வருத்தப்படுவார்.

ஆகவே, கோலை அனுப்பச் சொல்லி நீங்களும் அண்ணியும் மூன்று முறை கேட்டதற்குப் பதில்: அனுப்பப் போவதில்லை. சிவப்பு நூல் சுற்றிய அந்தக் கோல் உங்கள் ஏரியின் கனத்த இரைகளை ஒரு நாள்கூடத் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் நான் மறுப்பதற்கு அது காரணமல்ல. என் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். உங்கள் மகன் விடுமுறைக்கு வந்தால் இருவரும் மாறி மாறிப் பிடிக்கட்டும். அவனுக்குத்தான் எப்போது தாழ்த்த வேண்டும் என்று தெரியுமே.

கோலின் மூன்றாவது வளையம் உடைந்திருக்கிறது. அதை உடைத்தது நான்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. உங்களுக்கு நினைவிருக்கிறதா?

இப்படிக்கு,
உங்கள் தங்கை